பச்சைக் கேடயம்

குமுளி
12 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ரஸியா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் மாமியும் சுகம். அவரும் ஷார்ஜாவில் சுகம் என்று நேற்று போன் வந்தது. மதினியின் முட்டிவலி தேவலையா? கொழிஞ்சாம்பாறையில் மழை இறங்கிவிட்டதா? இங்கே ஊற்றுகிறது, துணி காய்ந்தபாடில்லை.

இந்தக் காலத்தில் போய்க் கடிதமா என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. போனில் உட்கார்ந்தால் கேட்க வந்ததை விட்டுவிட்டு மற்றதெல்லாம் பேசிவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன்.

கடையில் பில் போட வைத்திருந்து, புதிது வாங்கியபோது எனக்குக் கொடுத்தீர்களே, அந்தக் கம்ப்யூட்டர்தான் விஷயம். திறந்தால் ஏதேதோ விளம்பரம் குதிக்கிறது. சிவப்புக் கட்டம் கட்டி, வைரஸ் வந்துவிட்டது, உடனே அழுத்துங்கள் என்கிறது. கம்பத்தில் இருக்கும் ஹஸீபாவோடு மாமி முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது மகளின் முகத்தை மறைத்துக்கொண்டு அது வந்து நின்றது. "ஏ புள்ள, இதுக்கு என்னமோ நோவு வந்துருச்சு, நீ தொடாத" என்று எழுந்துவிட்டார். தூசு படாமல் நான் துணி போட்டு மூடித்தான் வைத்திருக்கிறேன். இருந்தும் இப்படி.

இலவசமாகக் கிடைக்கும் ஆன்டிவைரஸில் எது நல்லது? விலைக்கு வாங்குவதென்றால் அவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் எதற்கு என்ற கேள்வி வரும். ஜூலையில் எனக்கு அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு முக்கியமான வேலை இருக்கிறது. அதற்குள் சரியாக வேண்டும்.

பதிலைப் பக்கத்து வீட்டுக் கற்பகம் டீச்சர் முகவரிக்கு அனுப்புங்கள். எங்கள் தபால் பெட்டி மழையில் ஒழுகுகிறது.

துஆவோடு,
ரஸியா


கொழிஞ்சாம்பாறை
19 ஜூன் 2025

அன்புத் தங்கைக்கு,

சைனுதீன் எழுதிக்கொண்டது. வ அலைக்குமுஸ் ஸலாம். அல்லாஹ் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம். உன் மதினியின் முட்டிவலி மட்டும் போகவில்லை. எண்ணெய் தேய்த்துத் தேய்த்து வீடே வைத்தியசாலைபோல நாறுகிறது.

இலவசம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் குமட்டுகிறது. ஏன் என்று சொல்கிறேன், கேள். போன வருஷம் கடைக் கம்ப்யூட்டருக்கு இலவச ஆன்டிவைரஸ் போட்டேன். ஒன்று போதுமா என்று சந்தேகம் வந்து, பிள்ளைக்குக் கண்ணேறு படாமல் இரண்டு மூன்று தாயத்து கட்டுவதுபோல, வரிசையாக மூன்று போட்டேன். கண்றாவி! மூன்றும் ஒன்றையொன்று திருடன் என்று பிடித்துக்கொண்டு சண்டை. பெட்டி ஆமைபோல நகர்ந்தது. நம் வாடிக்கை கருப்பாத்தாள் கல்லாவுக்கு முன்னால் நின்று, "ஏனுங் பாய், பருப்புக்கு நீங்க பில்லுப் போடறதுக்குள்ள நான் ஊட்டுக்குப் போயி கொழம்பு வெச்சுத் தின்னுட்டே வந்துருவனுங்" என்றாள். கடையே சிரித்தது.

அதோடு விட்டதா? தினமும் ஒரு பெட்டி எழும்பும். காசு கட்டு, இன்னும் நல்லா காப்பாத்தறேன் என்று. கூடவே யாரும் கேட்காத ஏதோ ஒரு தேடுபொறியைக் கொண்டுவந்து உள்ளே குடிவைத்தது. விருந்துக்கு வந்தவன் அவன் மச்சினனையும் கூட்டிவந்து படுக்கவைத்தால் எப்படி இருக்கும்? த்தூ.

கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சர்வீஸ் கடை வைத்திருக்கும் பவ்யாதான் எல்லாவற்றையும் துடைத்தெறிந்தாள். அவள் சொன்னதை உனக்குச் சொல்கிறேன். விண்டோஸிலேயே ஒரு பாதுகாப்பு கூடவே வருகிறது. அதை அணைக்காமல், அப்டேட் வரும்போது தள்ளிப்போடாமல் இருந்தால் வீட்டுக்குப் போதும். வேறு வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று, அதைச் செய்தவனுடைய சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும். ஏற்றும்போது சின்ன எழுத்தில் டிக் போட்டு வைத்திருப்பான், எல்லாவற்றையும் எடுத்துவிடு. சிவப்புக் கட்டத்தைத் தொடாதே. அதுதான் நோயே.

கடைசியாக, கடவுச்சொல். அதைக் கூடப்பிறந்தவன் கேட்டாலும் சொல்லாதே.

பிரியமுள்ள அண்ணன்,
சைனுதீன்


குமுளி
1 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். உங்கள் கடிதத்தை டீச்சர் வீட்டு அடுப்படியில் நின்று படித்துச் சிரித்தேன். சிரித்து நாளாயிற்று. இங்கே எல்லோரும் சுகம். மதினிக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடுத்துப் பாருங்கள்.

நீங்கள் சொன்ன அந்தப் பாதுகாப்பைப் போய்ப் பார்த்தேன். அணைந்து கிடக்கிறது. போட முயன்றால், நிர்வாகியின் அனுமதி வேண்டும் என்று தடுக்கிறது. அந்த நிர்வாகி நான் இல்லை, என் கொழுந்தன் ஷாஜி. ஏப்ரலில் அவருடைய மொபைல் கடைக்கு எடுத்துப்போய்ச் சுத்தம் செய்து கொண்டுவந்தார். அப்போதே ஓர் இலவச ஆன்டிவைரஸும் போட்டுவிட்டாராம். திரையின் மூலையில் பச்சைக் கேடயம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. "எதுக்கு மதினி வேற? இது நம்ம வீட்டுக்குன்னே போட்டது. அப்படியே இருக்கட்டும்" என்கிறார். மாமியும், "பெத்த புள்ள பாத்துப் போட்டுக் குடுத்துருக்கான், அத நீ எடுப்பியாக்கும்" என்கிறார். குடும்பத்தில் ஒருவர் செய்து கொடுத்ததை வேண்டாம் என்று சொல்வது இங்கே எப்படிப்பட்ட குற்றம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஷாஜி கெட்டிக்காரர்தான். போன மாதம் ஒருநாள் சும்மா பாலக்காட்டுக்கு பஸ் நேரம் பார்த்தேன். மறுநாள் காலையில் வந்து, "என்ன மதினி, ஊருக்குப் பொறப்பாடா?" என்றார். இங்கே ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனிக்குக் கணக்கு வேலை கேட்டு விண்ணப்பம் அனுப்பினேன். வீட்டிலிருந்தே செய்யும் வேலை. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அடுத்த நாளே அவர் ஷார்ஜாவிலிருந்து கூப்பிட்டு, உனக்கு இங்கே என்ன குறை என்று கேட்டார். எனக்கு மிகவும் ஆச்சரியமாக இருந்தது.

பி.காம் முடித்து இத்தனை வருஷத்தில் என்னை ஒரு கம்பெனி கூப்பிட்டிருப்பது இதுதான் முதல்தடவை, அண்ணா. இருபத்திரண்டாம் தேதி கம்ப்யூட்டர் வழியாகவே நேர்முகம்.

உங்கள்,
ரஸியா


கொழிஞ்சாம்பாறை
8 ஜூலை 2025

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். நொச்சி ஒத்தடம் கொடுத்தாயிற்று. இப்போது வீடு நொச்சி நாற்றம்.

நீ வேலைக்குப் போவது எனக்குச் சந்தோஷம். மச்சான் கிடக்கட்டும், முதலில் வேலை கிடைக்கட்டும், பிறகு நான் பேசிக்கொள்கிறேன்.

அந்தப் பச்சைக் கேடயத்துக்குப் பெயர் என்ன? பெயரில்லாத ஆன்டிவைரஸ் என்றால் பவ்யா முகத்தைச் சுளிக்கிறாள். ஓசியில் கிடைத்தது என்று எவனோ எங்கிருந்தோ பிடித்துவந்து போட்டிருப்பான். மொபைலுக்குக் கண்ணாடி ஒட்டுகிறவனுக்கெல்லாம் கம்ப்யூட்டர் வைத்தியம்! நினைத்தாலே எரிச்சலாக வருகிறது. ஷாஜியை முதலில் அவன் பெண்டாட்டி சமைப்பதைச் சரிசெய்யச் சொல். ஹஸீபா கல்யாணத்தில் அவள் வைத்த தால்ச்சா இன்னும் என் நாக்கில் நிற்கிறது.

பவ்யாவிடம் சொல்லி, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் போடும் பென் டிரைவ் ஒன்று தயார் செய்திருக்கிறேன். நேந்திரங்காய் வறுவலோடு சேர்த்துப் பார்சலில் போட்டாயிற்று. உன் வீட்டு முகவரிக்கே போட்டேன். பார்சலைத் தபால் பெட்டிக்குள்ளா போடப்போகிறான், நனைவதற்கு? டீச்சரை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்?

அண்ணன்,
சைனுதீன்


குமுளி
25 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். சுகம். அங்கும் அப்படியே இருக்க துஆ செய்கிறேன்.

வறுவல் வந்தது. மாமி நன்றாக இருக்கிறது என்றார். பார்சலை ஷாஜி தபால் ஆபீசிலிருந்தே வாங்கி, பிரித்துப் பார்த்துத்தான் கொண்டுவந்தார். பென் டிரைவில் வைரஸ் இருந்தாலும் இருக்கும் என்று கடையில் போட்டுச் சுத்தம் செய்துவிட்டாராம். என்னிடம் வரும்போது அதற்குள் ஒன்றும் இல்லை.

நேர்முகம் நடந்தது. ஷிஜி என்று ஒரு மேடம் பேசினார். தன்மையானவர். மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. கரண்ட் போகவில்லை. தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

மறுபடி திறந்தபோது அவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

பரவாயில்லை. மழை விட்டிருக்கிறது, துணி எடுக்கப் போக வேண்டும்.

ரஸியா


கொழிஞ்சாம்பாறை
30 ஜூலை 2025

ரஸியா,

ஸலாம். சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

உன் கடிதம் கிடைத்ததும் முந்தைய கடிதங்களை எடுத்துத் திரும்பப் படித்தேன். பஸ் நேரம் பார்த்தது. மறுநாள் அவன் கேட்டது. விண்ணப்பம் அனுப்பியது. மறுநாள் மச்சான் கூப்பிட்டது. தடியன் நான், அதையெல்லாம் படித்துவிட்டுத் தால்ச்சாவைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

கடையை அப்படியே போட்டுவிட்டுப் பவ்யாவிடம் ஓடினேன். முழுவதும் கேட்டவள், "அண்ணா, அது ஆன்டிவைரஸே இல்லீங். இந்தப் பொட்டில என்ன நடக்குதுன்னு இன்னொரு எடத்துல உக்காந்து பாக்கறதுக்குப் போடறதுங். அங்கிருந்தே அணைக்கலாமுங். கேமரா இருந்தா அதையும் தொறக்கலாமுங்" என்றாள். அந்தக் கேமரா உன்னிடம் இருக்கிறது. மாமி மகளைப் பார்க்கட்டும் என்று நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

அந்த ஷாஜியா, ரஸியா? பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன். அண்ணே அண்ணே என்று எனக்கு இலையில் கறி தள்ளியவன். அவன் கைபட்ட கறியைத் தின்றேனே என்று இருக்கிறது. இதற்குப் பெயர் பாதுகாப்பாம், பச்சைக் கேடயமாம். கருமம்.

அதைத் தொடாதே. அதன் முன்னால் உட்காராதே. உடனே பதில் போடு.

சைனுதீன்


கொழிஞ்சாம்பாறை
21 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போனில் கூப்பிட்டால், "நல்லா இருக்கேண்ணா, எல்லாரும் நல்லா இருக்கோம்ணா" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறாய். பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியாதா?

குமுளிக்குப் புறப்பட நின்றவனை உன் மதினிதான் பிடித்து வைத்திருக்கிறாள். "நீங்க போயி அங்க கத்துனா, அவ அங்கல்ல குடியிருக்கோணும்" என்கிறாள். அவள் சொல்வது சரி என்பதால் இன்னும் கோபமாக வருகிறது.

டீச்சர் முகவரிக்கு இன்னொரு பென் டிரைவ் அனுப்பியிருக்கிறேன். வறுவல் இல்லை.

ஒரு வரியாவது எழுது.

அண்ணன்


குமுளி
4 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். நான் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே சுகம். தாமதத்தை மன்னித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்பே தெரியும், அண்ணா. மே மாதத்திலிருந்தே. கேமராவின் சின்ன விளக்கு ஒருநாள் தானாக எரிந்தது. நான் தலைக்குக் குளித்துவிட்டு முடி துவட்டிக்கொண்டு நிற்பது அந்த அறையில்தான். அன்றைக்குப் போட்டதுதான் அந்தத் துணி. தூசுக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன், உங்களிடமும். ஜூனில் பஸ் நேரம் பார்த்தது திரையையும் பார்க்கிறார்களா என்று சோதிக்கத்தான்.

நானே சொன்னால் என்ன ஆகும்? வீட்டோடு கிடப்பவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள். கூடப்பிறந்தவன்போலப் பார்த்துக்கொள்கிறவன்மேல் பழி போடுகிறாள் என்பார்கள். அதனால்தான் இது வைரஸா என்று உங்களைக் கேட்டேன். வேறொருவர் வாயிலிருந்து அது வர வேண்டும் என்று காத்திருந்தேன். பவ்யா சொன்னதைப் படித்ததும் என் பிடறியிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ஆனால் உங்கள் கடிதத்தை மாமியிடம் நீட்டினால், சைனுதீன் தங்கைக்காகப் பேசுகிறான் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அவர் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு நாள் வாய்க்கட்டும் என்று பொறுத்திருந்தேன்.

போன சனிக்கிழமை பகலில் மாமி கட்டிலில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். என் போனை அவர் மடியில் வைத்தேன். அவருடைய போன் அலமாரியில் இருந்தது. அவருக்கு முன்னாலேயே கம்ப்யூட்டரைத் திறந்து, உட்கார்ந்து, எதுவும் பேசாமல் ஒரு வெற்றுப் பக்கத்தில் அடித்தேன். "அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது. யாரும் இல்லை. என்ன செய்வதென்று தெரியவில்லை." யாருக்கும் அனுப்பவில்லை. அடித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

மாமியின் தேநீர் தீரவில்லை. வாசலில் பைக் வந்து நின்றது. ஷாஜி செருப்போடு உள்ளே ஓடிவந்தார். "அம்மா! என்னம்மா பண்ணுது?"

மாமி டம்ளரைக் கையில் வைத்தபடியே பார்த்தார். "எனக்கு என்னடா? கல்லு மாதிரி உக்காந்துருக்கேன். யாருடா சொன்னது உனக்கு?"

"மதினிதான்..."

"அவ இந்த எடத்த விட்டு எந்திரிக்கவே இல்ல. போனு இந்தா, என் மடியில கெடக்கு. வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசல. யாருடா சொன்னது?"

ஷாஜியின் கண் அவரையும் மீறித் திரைக்குப் போனது. மாமி அதைப் பார்த்துவிட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் பெற்ற பிள்ளையின் முகம் தெரியும். நான் அந்த எழுத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டினேன்.

"அண்ணந்தாம்மா சொல்லுச்சு. மதினி தனியா இருக்கு, ஒரு பாதுகாப்புக்கு..."

"அப்ப நான் ஹஸீபாகிட்ட பேசுனதெல்லாம்?" என்றார் மாமி. அவர் மகளிடம் என்னென்ன பேசுவார் என்று உங்களுக்குத் தெரியாது. சின்ன மருமகளின் தால்ச்சா உட்பட. "நான் மாரச்சீல இல்லாம காத்தாட உக்காந்துருக்கது இந்த ரூமுலடா. அவ தல காய வைக்கிறது இந்த ரூமுல. உள்ள எட்டிப் பாத்துட்டு வந்து எங்கூட உக்காந்து சோறு தின்னுருக்க. சீ! எந்திரிச்சுப் போடா. உன்னப் பாக்கவே அருவருப்பா இருக்கு."

ஷாஜி போனபிறகு மாமி என்னைப் பார்த்து, "பொய் சொல்லித்தான வரவச்ச?" என்றார். ஆமாம் மாமி என்றேன். "பொய்யில்ல. இப்பத்தான் மூச்சு முட்டுது" என்று டம்ளரைக் கீழே வைத்தார்.

அன்றைக்கே டீச்சர் போனில் பவ்யாவைக் கூப்பிட்டு, அவள் சொல்லச் சொல்ல உங்கள் பென் டிரைவைப் போட்டு எல்லாவற்றையும் அழித்தேன். பச்சைக் கேடயம் போயிற்று. விண்டோஸோடு வந்த பாதுகாப்பு மட்டும் இருக்கிறது. நிர்வாகி நான். பிறகு துணியில் டெட்டால் நனைத்துக் கீபோர்டு, மவுஸ், திரை, மேஜை எல்லாவற்றையும் துடைத்தேன். திரும்பவும் துடைத்தேன். அருவருப்பு போகவில்லை, அண்ணா. சொல்லப்போனால் ஷாஜி மேல்கூட அவ்வளவு இல்லை. தாலி கட்டியவர், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தம்பியை விட்டுப் பார்க்கச் சொன்னார் பாருங்கள், அதைத்தான் எவ்வளவு துடைத்தும் போக்க முடியவில்லை.

உங்கள்,
ரஸியா


கொழிஞ்சாம்பாறை
11 செப்டம்பர் 2025

என் அன்புத் தங்கைக்கு,

ஸலாம். உன் கடிதத்தை உன் மதினிக்கு வாசித்துக் காட்டினேன். மாமி டம்ளரை வைத்த இடத்தில் அவள் எழுந்தே நின்றுவிட்டாள், முட்டிவலியோடு. உன் மாமிக்கு என் ஸலாமைச் சொல். அந்தம்மாவை இதுவரை நான் சரியாக மதிக்கவில்லை.

மச்சானிடம் நான் பேசினேன். "எல்லாம் அவ நல்லதுக்குத்தான்" என்றார். எச்சில் கூட்டிக்கொண்டு வந்தது. போன் என்பதால் துப்ப முடியவில்லை.

நீ அங்கே இருந்தது போதும். இங்கே வந்துவிடு. கடைக்கு மேலே உள்ள அறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொண்டு வா. எந்தக் கம்பெனியில் சேரலாம், யாரோடு பேசலாம் என்பதை நான் பார்த்துச் சொல்கிறேன். ஒரு காசு செலவில்லாமல் உன்னை நான் காப்பாற்றுவேன். அதுவரைக்கும் உன் புதுக் கடவுச்சொல்லை எனக்கு எழுதி அனுப்பு. இங்கிருந்தே அவ்வப்போது பார்த்துக்கொள்ள முடியுமா என்று பவ்யாவிடம் கேட்கிறேன். எனக்கும் நிம்மதியாக இருக்கும்.

பாசமுள்ள அண்ணன்,
சைனுதீன்


குமுளி
6 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். நானும் மாமியும் சுகம். மதினி எழுந்து நின்றதைக் கேட்டு மாமி சிரித்தார். அடுத்த தடவை எழும்போது முட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஷிஜி மேடத்திடம் பேசினேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஸாரமில்ல ரஸியா, வேறெ திவசம் நோக்காம்" என்றார், பரவாயில்லை, வேறொரு நாள் பார்க்கலாம் என்று. இரண்டாம் தடவை நேர்முகம் முடியும்வரை மாமி வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், யாரையும் உள்ளே விடாமல். வரும் திங்கட்கிழமை வேலையில் சேர்கிறேன்.

அவர் மூன்று வாரம் போன் செய்யவில்லை. நேற்றுக் கூப்பிட்டார். இப்போது கம்ப்யூட்டரில் என்ன ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறாய் என்று கேட்டார். மன்னிப்பு என்ற சொல் வரும் என்று காத்திருந்தேன், அது வரவில்லை. அவர் ஊருக்கு வரும்போது நேரில் உட்கார்ந்து பேச வேண்டியது இருக்கிறது. அதை நானே பேசிக்கொள்கிறேன்.

அறையை வெள்ளையடித்து வைத்ததற்குச் சந்தோஷம். நோன்புப் பெருநாளுக்கு வந்து நாலு நாள் தங்குகிறேன். கடவுச்சொல் கேட்டிருக்கிறீர்கள். தரமாட்டேன், அண்ணா. கூடப்பிறந்தவன் கேட்டாலும் சொல்லாதே என்று எனக்கு எழுதியவர் நீங்கள்தான். அந்தக் கடிதம் பத்திரமாக இருக்கிறது, வேண்டுமென்றால் திருப்பி அனுப்புகிறேன். கோபம் வந்தால் நன்றாகக் கோபித்துக்கொள்ளுங்கள். கோபம் தீர்ந்ததும் எனக்கு எழுதுங்கள்.

டீச்சரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். வீட்டு முகவரிக்கே எழுதுங்கள். எங்கள் தபால் பெட்டி எந்த மழையிலும் ஒழுகியதில்லை.

அன்புத் தங்கை,
ரஸியா